இருபத்தொன்பது வருசத்துக்குக் கணக்குச் சொல்!

வடுகபட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரெண்டு ஞாபகம் வரும். ஒண்ணு பூண்டு, இன்னொண்ணு சினிமாப் பாட்டு. அந்தப் பூண்டு மூட்டையை லாரியிலிருந்து இறக்குகிற முதுகு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. காலை எட்டு மணி பஸ்ஸில் சாப்பாட்டுத் தூக்கோடு பெரியகுளத்துக்கும் தேனிக்கும் கடை வேலைக்குப் போகிற சனத்தைப் பற்றியும் கேட்பதில்லை. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மளிகைக்கடை என்று நாள் பூராவும் நின்றுவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கால் வீங்கித் திரும்புகிற சனம். அதில் ஒருத்தரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர்.

நான் வங்கிக் குமாஸ்தா. தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். சித்தப்பா கவுண்டருக்கு வந்து ஆர்.டி. பாஸ் புக்கை நீட்டினார். கணக்கை முடிக்க வேண்டுமாம்.

"இன்னும் பதினோரு மாசம் இருக்கே சித்தப்பா. இப்ப எதுக்கு எடுக்குறீக?"

"இனிமே மாசா மாசம் கட்ட முடியாதுப்பா. கடையில நிப்பாட்டிட்டாக."

"எதுக்காம்?"

"வயசாயிருச்சாம்."

அவருக்கு வயது 51. அந்தக் கடையில் வேலைக்குச் சேரும்போது 22. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்க சித்தப்பா, எத்தன நாளைக்குத்தான் நிப்பீக, கொஞ்சம் வீட்ல இருங்க" என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைப்பு. ராத்திரிதான் உறைத்தது. முதலாளி சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு அறுபது வயது வரைக்கும் வேலை இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. அறுபது வரைக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கப் போகிற நான், 51 வயசுக்காரரைப் பார்த்து வீட்டில் இருங்கள் என்கிறேன். என்ன திமிர்!

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்க் கணக்குக் கேட்டேன். ஒரு வவுச்சர் நகலை எடுத்து வந்தார். "அன்பளிப்பு ரூ. 25,000. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி, கீழே அவர் கையெழுத்து. கூடவே ஒரு வேட்டி, துண்டு, அரைக்கிலோ ஸ்வீட். இருபத்தொன்பது வருசமாக அவரே மடித்து அடுக்கிய வேட்டியில் ஒண்ணு.

தோழர்களே, அன்பளிப்பு என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கூலி என்றால் கணக்கு உண்டு. அன்பளிப்புக்குக் கணக்கு கிடையாது. ஆண்டை களத்துமேட்டில் அள்ளிப்போட்ட நெல்லுக்கும் இதே பெயர்தான் இருந்தது.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளி சீசன் முழுக்க விடிய விடிய வேலை வாங்கினார்கள். சீசன் முடிந்ததும் கடையை மாற்றிக் கட்டப்போகிறோம், ஆள் குறைப்பு என்றார்கள். பதினோரு பேரை ஒவ்வொருத்தராக மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினோரு பேரும் 45 வயதைத் தாண்டியவர்கள். ரெண்டு வருசத்துக்கு முந்தி சேர்ந்த பையன்களில் ஒருத்தனுக்குக்கூடக் கணக்கு முடிக்கவில்லை. அடுத்த மாசமே ஏஜென்சி மூலம் குறைந்த சம்பளத்துக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். பிறகு அது என்ன ஆள் குறைப்பு? ஆள் குறையவில்லை. வருசம் குறைந்திருக்கிறது.

இதன் சூத்திரம் குமாஸ்தாவுக்குப் புரியும். கிராஜுவிட்டி என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து, வேலை பார்த்த எல்லா வருசத்துக்கும் போடுகிற கணக்கு. ஒருத்தர் இன்னொரு வருசம் நீடித்தால், சம்பளம் ஒரு ஐநூறு கூடினால், பழைய வருசங்களுக்கும் சேர்த்துத் தொகை ஏறும். ஆக முப்பது வருசம் உழைத்தவர் முதலாளியின் பேரேட்டில் கடன் பக்கத்தில் இருக்கிறார். கடனைத் தள்ளுபடி செய்ய அவர் கண்டுபிடித்த வழிதான் வயசு. முட்டி வலி, சுறுசுறுப்பு இல்லை, கம்ப்யூட்டர் பில் தெரியாது என்பதெல்லாம் பிற்பாடு ஒட்டின லேபிள்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். சித்தப்பாவின் கடைசிச் சம்பளம் 13,000. 1972-ஆம் வருசத்துப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த முறைப்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருசத்தால் பெருக்க வேண்டும். 7,500 பெருக்கல் 29. ரூ. 2,17,500. பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கிற கடைக்கு இது பொருந்தும். அஞ்சு வருசம் முடித்தவர் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தாலும் பணிக்கொடை போகாது. "நீதான் எழுதிக் குடுத்துட்டியே" என்று சொல்கிறவனிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆட்குறைப்பு நட்டஈடு. தொழில் தகராறு சட்டம், 1947, பிரிவு 25-எஃப். வருசத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். மாதத்தை 30 நாளாகப் போட்டாலும் 6,500 பெருக்கல் 29. ரூ. 1,88,500. ஒரு மாத நோட்டீஸுக்குப் பதில் சம்பளம் 13,000. மூணையும் கூட்டினால் ரூ. 4,19,000. கொடுத்தது 25,000. பாக்கி 3,94,000. இதுதான் அந்த அரைக்கிலோ ஸ்வீட்டின் விலை.

அதே சட்டத்தில் பிரிவு 25-ஜி என்று ஒண்ணு இருந்தது. ஆட்குறைப்பு செய்தால் சாதாரணமாக, ஒரே வகை வேலையில் கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 25-எச் என்று இன்னொண்ணு. மறுபடி ஆள் எடுத்தால், நிறுத்தப்பட்டவருக்குத்தான் முதல் வாய்ப்பு. நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவை தொழிலாளியிடமிருந்து பிடுங்கியது நிறைய. ஆனாலும் கடைசியில் வந்தவர் முதலில் என்ற விதி புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் நிற்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41, ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது. மேல்முறையீட்டுக்கும் வழி வைத்திருக்கிறது. 1981-ஆம் வருசத்து நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாசத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரம் என்கிறது. சித்தப்பா எத்தனை 480 நாள் பார்த்திருப்பார்?

சட்டம் இருக்கிறது. கடைத்தெருவில் அது செல்லுபடி ஆகவில்லை. ஏன்?

ஏனென்றால் காகிதத்தில் அவருக்கு 29 வருசம் இல்லை. பி.எஃப். கணக்கைத் திறந்து பார்த்தேன். சேர்ந்த தேதி ஆறு வருசத்துக்கு முந்தி. அதற்கு முன்னால் 23 வருசம் அவர் எங்கே இருந்தார்? கடையில்தான் இருந்தார். நியமன உத்தரவு இல்லை, வருகைப் பதிவேட்டில் பேர் இல்லை, சம்பளம் கவரில். பஞ்சமி நிலத்தின் கதை உங்களுக்குத் தெரியும். 1892-இல் ஒதுக்கினது 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். விற்கக் கூடாது, மற்ற சாதியார் வாங்கக் கூடாது என்று நிபந்தனை. இன்றைக்கு அது யார் கையில்? கைநாட்டு வாங்கியும், ரிக்கார்டை மாற்றியும், மிரட்டியும் பறித்தார்கள். நிலம் போன சனத்துக்கு மிச்சம் இருந்த ஒரே சொத்து உழைத்த வருசம். அதற்கும் பட்டா கிடையாது. அதையும் இப்போது வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிப் பறிக்கிறார்கள். சர்வீஸ் என்பது நிலமில்லாதவனின் நிலம். அதைத் திருடுகிறவன் வைத்த பேர் வயசு.

இனி சாதிக்கு வருகிறேன். "கடை வேலையில என்னய்யா சாதி, எல்லாருக்கும் வயசாகத்தான் செய்யும்" என்று சொல்கிற முற்போக்குத் தோழர்கள் கவனிக்கட்டும். சித்தப்பா சேர்ந்து முதல் ஒம்போது வருசம் குடோனில்தான் இருந்தார். பார்சல் இறக்குவது, பேல் பிரிப்பது, மாடிக்குச் சுமப்பது. அவருக்குப் பிறகு வந்தவன் எல்லாம் கவுண்டருக்குப் போனான். பிறகு வேட்டி, துண்டு பிரிவுக்கு மாற்றினார்கள். பட்டுப் பிரிவுக்குக் கடைசி வரைக்கும் அனுப்பவில்லை. பட்டில்தான் விற்பனைக்கு இன்சென்டிவ் உண்டு. ஏன் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார். "பட்டுக்கெல்லாம் முகம் வேணும்ப்பா" என்றாராம் மேனேஜர். எந்தத் தெரு முகம் என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். இப்போது வெளியே அனுப்பும்போதும் அதே வார்த்தை. "கடை புதுசாகுது, ஃப்ரெஷ்ஷா முகம் வேணும்."

இருபது வருசத்துக்கு முன்னால் முகம் என்றால் சாதி. இன்றைக்கு முகம் என்றால் வயசு. வாய் ஒண்ணுதான். குடோனில் சுமக்க வைத்து முட்டியைத் தேய்த்தது சாதி. தேய்ந்த முட்டியைக் காட்டி வெளியே தள்ளுவது வயசு. எது முதல் குற்றம், எது ரெண்டாவது என்று பிரித்துச் சொல்லட்டும் பார்க்கலாம்.

1938-இல் மன்மாட்டில் ரயில்வேயின் தலித் தொழிலாளர்கள் முன்னால் அம்பேத்கர் பேசியது இதைத்தான். தொழிலாளிக்கு எதிரி ரெண்டு பேர், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் என்றார். பம்பாய் மில்லில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவனை விடவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்க வேண்டும், அவன் வாய் பட்டதில் நாங்கள் வாய் வைப்பதா என்று தடுத்தவர்கள் சக தொழிலாளிகள். நெசவில்தான் கூலி அதிகம். மில்லின் நெசவுப் பிரிவும் ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவும் எனக்கு ஒண்ணாகத்தான் தெரிகிறது.

நிறுத்தப்பட்ட பதினோரு பேரில் எங்கள் ஆட்கள் நாலு பேர். மற்ற ஏழு பேரும் சாதி இந்துக்கள். அவர்களுக்கும் அநியாயம் நடந்திருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஏழு பேரில் ஒருத்தருக்கு முதலாளியின் சொந்தக்காரர் கடையில் கணக்குப் பிள்ளை வேலை கிடைத்துவிட்டது. ரெண்டு பேருக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. எங்கள் நாலு பேருக்குச் சொந்தக்காரர் கடை எங்கே இருக்கிறது? இந்தியாவில் ரிட்டயர்மெண்ட்டும் சாதி பார்த்துத்தான் நடக்கிறது.

எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம் என்று சொன்னேன். முதல் கூட்டத்தைச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வைக்கலாம் என்றேன். ஏழு பேரில் ஒருத்தர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, தப்பா நெனைக்காதீக. ஒங்க தெருவுக்குள்ள வந்து உக்காந்தா எங்க ஆளுக ஒரு மாதிரி பேசுவாக." சோற்றில் மண் விழுந்த பிறகும் கால் எந்தத் தெருவில் படுகிறது என்று பார்க்கிறார்கள். முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் சாதியைக் கண்டுபிடிக்கவில்லை. கல்லாப்பெட்டிக்குக் காவலாக அதை நிறுத்திவைத்திருக்கிறார். கடைசியில் கூட்டம் தேனி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நடந்தது. ஆறு பேர் வந்தார்கள். எங்கள் நாலு பேர், அவர்களில் ரெண்டு பேர். அந்த ரெண்டு பேருக்கு என் வணக்கம். மற்றவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நம்முடைய அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று பாகுபாட்டின் வகைகளை எண்ணிச் சொல்கிறது. வயது அதில் இல்லை. அதே பிரிவின் ரெண்டாவது உட்பிரிவு, கடைக்குள் நுழைகிற உரிமையைச் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. நம் தாத்தாக்கள் அடிபட்டு உதைபட்டு வாங்கிய உரிமை. வாங்குகிறவனாக உள்ளே போக வழி பிறந்தது. கவுண்டருக்கு அந்தப்பக்கம் நிற்கிற உரிமையை யார் தருவது? தனியார் கடையில் இடஒதுக்கீடு இல்லை. வயதைக் காட்டி நிறுத்தினால் கேட்கத் தனிச் சட்டமும் இல்லை. அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டியவரை வயதைக் காரணம் காட்டி நீக்கக் கூடாது என்று 1967-இலேயே சட்டம் போட்டார்கள். அந்த நாட்டு முதலாளி நல்லவன் என்று சொல்லவில்லை. அங்கே வழக்குப் போட ஒரு பிரிவு இருக்கிறது என்கிறேன்.

நம் அரசாங்கமோ தானே வயதுக்கோடு கிழிக்கிறது. 2000-இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வு கொண்டுவந்தபோது 40 வயது அல்லது 15 வருச சர்வீஸ் என்று கோடு போட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேலே வெளியே போனார்கள். பி.எஸ்.என்.எல்.லில் 2019-இல் 50 வயது என்று கோடு. 2020 ஜனவரி 31-ஆம் தேதி ஒரே நாளில் 78,000-க்கு மேற்பட்டோர் வெளியேறினார்கள். ஆனால் அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பதிவேடு இருந்தது, ஒரு தொகையாவது கைக்கு வந்தது. தமிழ்நாட்டு அரசே நடத்துகிற சில்லறைக் கடை டாஸ்மாக். 2003-இல் தொகுப்பூதியத்துக்கு எடுத்த ஆட்கள் இருபது வருசம் தாண்டியும் நிரந்தரம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. 2016, 2017, 2023 என்று ஐநூறு ஐநூறாகக் கடைகளை மூடினபோதெல்லாம் இனி எங்கே போடுவார்களோ என்று வயிறு கலங்கினார்கள். சாராயம் ஒழிய வேண்டும் என்று நாம் சொல்கிறோம்; சரிதான். கம்பிக்குப் பின்னால் நின்று இளமையைத் தொலைத்த படித்த பிள்ளைகளுக்கு மாற்று வேலை என்ன என்பதையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும். அரசே இப்படி என்றால் ஜவுளிக்கடை முதலாளி யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்?

இடதுசாரித் தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒரு கேள்வி. மில்லுக்கு முன்னால் கொடி நட்டீர்கள். போக்குவரத்துக் கழகத்தில் நட்டீர்கள். எங்கள் வங்கி வாசலிலும் நட்டீர்கள். தேனிக் கடைவீதியில் எத்தனை கொடி இருக்கிறது? தலித் இயக்கத் தோழர்களிடமும் ஒரு கேள்வி. அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு நாம் போராடுவது நியாயம். அந்தப் பலனில் வந்தவன்தான் நானும். ஆனால் நம் காலனியில் அரசு வேலைக்குப் போனது எத்தனை பேர், கடைக்குப் போனது எத்தனை பேர்? நம் துண்டறிக்கையில் கடைச் சிப்பந்தி எங்கே இருக்கிறார்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பன்னிரண்டு வருசமாகக் கவிதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் முட்டியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

செய்ய முடியாது என்பதில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த்தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் கடைப் பெண்களைத் திரட்டினார். 'பெண்கூட்டு' என்று பேர் வைத்தார்கள். கழிப்பறை கேட்டார்கள், உட்கார நாற்காலி கேட்டார்கள். பெரிய சங்கங்கள் கண்டுகொள்ளாத பெண்கள். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைச் சிப்பந்திக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் சித்தப்பாவின் கடையில் இருக்கை வந்ததா என்றால், "ஸ்டூலு போட்டாக தம்பி. உக்காந்தா மேனேஜர் ஒரு மாதிரி பாப்பாரு" என்கிறார். சட்டம் ஸ்டூல் வரைக்கும் கொண்டுவரும். உட்காருவதற்குச் சங்கம் வேண்டும்.

கடைக்குப் போகிற தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்கு இப்போது 25 வயது. முகம் ஃப்ரெஷ்ஷாக இருக்கிறது. முதலாளி உங்களைக் காட்டித்தான் சித்தப்பாவை அனுப்பினார். நாளைக்கு இன்னொருத்தரைக் காட்டி உங்களை அனுப்புவார். இன்றைக்கே பி.எஃப். எண்ணைக் கேளுங்கள். சேர்ந்த தேதி சரியா என்று பாருங்கள். அடையாள அட்டை, போனஸ் கவர், ஆயுத பூசைக்குக் கடையில் எடுத்த போட்டோ, சம்பளத்தைப் பற்றி வந்த ஒரு செய்தி என எதையும் தூக்கிப் போடாதீர்கள். நம் சர்வீஸுக்கு அதுதான் பட்டா. வெள்ளைத்தாளிலோ 'கோரிக்கை இல்லை' என்று எழுதின தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியவில்லை என்றால் எங்களிடம் கொண்டுவாருங்கள். வங்கிக் குமாஸ்தா வேறு எதற்கு இருக்கிறான்?

ஆறு பேரின் மனு தொழிலாளர் துறைக்குப் போயிருக்கிறது. தூசி தட்டி எடுத்த ஒரு பழைய போனஸ் கவரும், கடை ஆண்டு விழாவில் இருபது வருசத்துக்கு முன்னால் சித்தப்பா நிற்கிற போட்டோவும் இணைப்பு. மனுப் போன ரெண்டாவது வாரம் கடையிலிருந்து ஆள் வந்தது. இன்னொரு 35,000 தருகிறார்களாம், மனுவை வாபஸ் வாங்கச் சொன்னார்களாம். இத்தனை வருசம் நம்மோடு குடும்பம் மாதிரி இருந்தவர் இப்படிச் செய்யலாமா என்று முதலாளி வருத்தப்பட்டாராம்.

சித்தப்பா வந்தவருக்குத் தண்ணி கொடுத்திருக்கிறார். வாங்கிக் குடிக்காமல் வைத்துவிட்டான் அவன். அதைப் பார்த்துக்கொண்டே சித்தப்பா சொல்லியிருக்கிறார்:

"குடும்பம்னா சொத்துல பங்கு குடுங்க. வேலக்காரன்னா கணக்க முடிங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டு வாங்க."